எலியின் புழு, நத்தையின் வழியாக

பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டதும், மதிற்சுவர்களின் ஈரத்திலும் பப்பாளி மரங்களின் அடியிலும் உள்ளங்கை அகலம் வளர்ந்த ஆப்பிரிக்க நத்தைகள் ஊரத் தொடங்கிவிட, அவற்றின்மேல் உப்பை வாரி இறைப்பவர்களும், தொட்டாலே மூளைக் காய்ச்சல் வந்துவிடும் என்று குழந்தைகளைத் தோட்டத்தில் இறங்கவிடாதவர்களுமாக வீட்டுக்காரர்கள் கலங்கிப்போகிறார்கள். இந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

1847ஆம் ஆண்டு பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொணர்ந்து கல்கத்தாவில் விட்ட இந்த ஜந்துவைக் குற்றவாளியாக்குமுன், அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் புழுவின் சொந்த வீடு எலியே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சீனத்துக் கான்டன் நகர எலிகளில் சென் என்ற ஆராய்ச்சியாளர் 1935இல் இதனைக் கண்டு விவரித்தார். ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் கான்டோனென்சிஸ் என்று விலங்கியலார் நீட்டி முழக்கினாலும், எலியின் நுரையீரல் புழு என்பதே நமக்குப் போதும். பெண்புழுவை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், இரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பைக் குழல்கள் பின்னிக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிறுபோல் காணப்படும். எலியின் நுரையீரல் நாளங்களில் இது முட்டையிட, பொரிந்த இளம்புழுக்கள் மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியேறுகின்றன. அதனை மேயும் நத்தையின் சரீரத்திலும், ஓடில்லா நத்தையின் சரீரத்திலும் இரண்டு மூன்று வாரம் தங்கிப் பக்குவப்பட்டு, அந்த நத்தையை எலி தின்றதும் அதன் மூளையில் வளர்ந்து, மீண்டும் நுரையீரல் சேர்ந்து வம்சத்தைத் தொடர்கின்றன. எலி பெருகும் குப்பைமேட்டை அப்படியே விட்டுவிட்டு நத்தையை மட்டும் துரத்துவது வீண்வேலை.

மனிதனுக்குள் புகுந்த புழு மூளை வரை வந்து, பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. அதனை எதிர்த்து உடல் காட்டும் கொந்தளிப்பே வியாதி. சாதாரணமாக ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் காரணமற்ற எரிச்சல் ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்; எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. சிட்னியில் 2010இல் விளையாட்டாக ஓடில்லா நத்தையொன்றை விழுங்கிய 19 வயது இளைஞர், கைகால் செயலிழந்து கிடந்து, 2018இல் காலமானார்.

நம் பக்கத்துக் கதை வேறு. நத்தையைத் தின்ற உடும்பின் தசையிலும் இப்புழு தங்கிவிடுவதால், பலம் வரும் என்ற மூட நம்பிக்கையில் அதனைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு இவ்வியாதி வந்ததைக் கேரளத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2008இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார், நோயாளி ஒருவரின் கண்ணுக்குள்ளேயே புழு இருந்ததைப் பதிவு செய்தனர்.

உடும்பைக் கனவிலும் நினையாத குடும்பங்களுக்கு ஆபத்து வரக்கூடிய வாசல் பச்சைக் கீரையும் காய்கறியும்தான். கோசம்பரிக்கென்று வாங்கிய கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, தண்டுகள் நெருங்கும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அரிசியளவு நத்தைக் குஞ்சோ, சளி காய்ந்த வெள்ளிக் கோடோ சில சமயம் தென்படும். கட்டோடு நனைத்து உதறிவிட்டு அரிகிற நம் வழக்கம் இதற்கு உதவாது. அவிழ்த்து, தண்டு தண்டாக ஓடும் நீரில் கழுவ வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதித்தால் புழு பிழைக்காது. ஆகையால் கீரைக் கூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். நத்தையைத் தொட்டதனால் மட்டும் நோய் வருவதில்லை. தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைப்பதே அபாயம். கையுறை அணிந்து பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுவது, செடியடியில் உப்பைக் கொட்டி மண்ணைக் கெடுப்பதைவிட மேல்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் கொல்வதைத் தடைசெய்திருப்பதால், அதைத் தின்றவர் மருத்துவரிடம் மறைக்கப் பார்ப்பது இயல்பு. ஆனால் முதுகுத்தண்டு நீரில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஏன் பெருகியிருக்கின்றன என்று மருத்துவர் யோசிக்கும்போது, அவருக்கு முதலில் வேண்டியது நோயாளியின் வாய்மொழியே. கடுந்தலைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சென்ற சில வாரங்களில் பச்சையாகத் தின்றது எதுவானாலும், தயவுசெய்து ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.