விமானச் சுமையும் முதுகெலும்பும்

பிரயாணி ஒருவர் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டி, அவர் இறங்கும் ஊரில் சுழலும் பட்டையின்மீது தானாகவே வந்து சேர்வதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது பல கைகள் மாறி வருகிறது. பட்டையிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து விமானத்திற்கும் அதைத் தூக்கி வைப்பவர்கள் ஊழியர்களே. இவ்வேலை செய்வோரிடையே இடுப்புவலியும், தோள், முழங்கால் உபாதைகளும் மிகுதி. பெட்டியின் எடையே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே.

பெரிய விமானங்களில் பெட்டிகளைக் கொள்கலங்களில் அடைத்து யந்திரங்களால் ஏற்றுவது வழக்கம். போயிங் 737 போன்ற சிறிய விமானங்களிலோ அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். அவ்விமானத்தின் சரக்கறை ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரமே உடையது. அதனுள் நிமிர்ந்து நிற்க இயலாது. ஊழியர் மண்டியிட்டபடி பெட்டியை வாங்கி, உடலைத் திருப்பி, கைகளை நீட்டி அடுக்குகிறார். வலிமை மிக்க கால் தசைகள் இங்கே உதவுவதில்லை. பாரம் முழுவதும் முதுகையும் தோள்களையும் சாருகிறது.

இதன் விளைவை நெம்புகோல் தத்துவத்தால் எளிதில் அறியலாம். இடுப்புப் பகுதியின் முள்ளெலும்பை ஆதாரப்புள்ளியாகக் கொள்வோம். முதுகுத் தசைகள் அதற்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து இழுக்கின்றன. 20 கிலோ பெட்டி முன்னால் 50 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். பெட்டியை 25 சென்டிமீட்டர் தூரத்திற்கு அணைத்துக்கொண்டால் அது 100 கிலோவாகக் குறையும். குனிந்த மேலுடலின் பாரம் இக்கணக்கில் சேரவில்லை. இவ்விசை அனைத்தும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு வட்டுகளை அழுத்துகிறது. வளர்ந்தவர்களுக்கு அவ்வட்டுகளின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அங்கே நேரும் சேதம் எளிதில் ஆறுவதில்லை.

அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, எல்லா நிலைமைகளும் அனுகூலமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. பல விமான நிறுவனங்கள் வெளிநாட்டுப் பிரயாணத்தில் ஒரு பெட்டிக்கு அனுமதிக்கும் எடையும் அதுவே. ஆனால் சுமையின் தூரம் 25-லிருந்து 50 சென்டிமீட்டராக மிகுந்தால் அவ்வரம்பு 11.5 கிலோவாகக் குறைகிறது. உடலை 90 பாகை திருப்பினால் சுமார் 8 கிலோதான். அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். இக்கணக்கும் நின்றுகொண்டு தூக்குவோருக்கே பொருந்தும். சரக்கறையில் மண்டியிட்டிருப்பவரின் நிலை இதனினும் கடினமானது.

எனவே, "சரியாகத் தூக்குங்கள்" என்று உபதேசிப்பது மட்டும் போதாது. அத்தகைய பயிற்சி தனித்து முதுகுவலியைத் தடுப்பதாக ஆராய்ச்சிகளில் சான்று கிடைக்கவில்லை. குனிய இடமன்றி வேறு இடமில்லாத அறையில் நிமிர்ந்து தூக்கும் முறையைக் கற்றும் பயன் என்ன? மாற வேண்டியது வேலையின் அமைப்பு. சரக்கறையினுள் நீண்டு சென்று, அடுக்கும் இடத்திலேயே பெட்டியைக் கொடுக்கும் பட்டை யந்திரங்கள் இன்று உள்ளன. பெட்டியைக் காற்றின் உறிஞ்சு விசையால் தூக்கும் கருவிகள் நிலையத்தினுள் உதவுகின்றன. அதிக எடையுள்ள பெட்டிக்கு அடையாளச் சீட்டு கட்டுவதும், ஊழியர்களை முறைமாற்றி அமர்த்துவதும் செலவு குறைந்த வழிகள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். மாணவன் தன் புத்தகப் பையை முதலில் மார்போடு அணைத்தும், பின்னர் கைகளை நீட்டியும் சிறிது நேரம் பிடித்துப் பார்க்கட்டும். பையின் எடை மாறவில்லை. ஆனால் முதுகு வேறுபாட்டை உணரும். களப்பணியாளர்களும் கிடங்கு, சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றில் சுமை தூக்குவோரைக் காணும்போது, எவ்வளவு எடை என்பதோடு நில்லாமல், எவ்வளவு தூரத்தில், எந்த நிலையில், எத்தனை முறை என்றும் கேட்க வேண்டும். தொழிலாளியின் உடலை வேலைக்கேற்ப வளைப்பதைவிட, வேலையை அவ்வுடலுக்கேற்ப அமைப்பதே அறிவுடைமை.