நடப்பவருக்கும் உரிய வீதி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் வாங்கி, சைக்கிள் கரியரில் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்படுகிற வியாபாரி, திருகோணமலை வீதியில் தார் விளிம்பைவிட்டுச் சற்றே உள்ளே வந்தால், பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்ன் அவரை மறுபடியும் ஓரத்து மணலுக்குத் துரத்திவிடுகிறது. பெட்டியின் பாரத்தால் சக்கரம் மணலில் புதைந்து தடுமாறுகிற அந்தக் கணந்தான் அவருக்குப் பேரபாயம்.

இந்த அபாயம் மாந்தருக்கெல்லாம் சமமாக அமைவதில்லை என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள். 2015இல் போர்ட்லண்ட் நகரைப் பற்றி வெளியான ஆய்வொன்றில், ஒரே விதமாக உடுத்த கறுப்பரும் வெள்ளையரும் பாதசாரிக் கடவையில் மாறிமாறி நின்றபோது, கறுப்பருக்கு நிறுத்தாமல் சென்ற வாகனங்கள் இரட்டிப்பாக இருந்தன. அவர்கள் காத்துநின்ற நேரமும் 32 சதவீதம் அதிகம். 2022இல் வந்த வேறோர் ஆய்வு, பிரயாணம் செய்த தூரத்தைக் கொண்டு கணக்கிட்டு, கறுப்பினத்தவர் மரணிக்கும் விகிதம் வெள்ளையரைவிட நடையில் இரண்டு மடங்குக்கு மேலென்றும், சைக்கிளில் நாலரை மடங்கென்றும் கண்டது. ஓட்டுநர் மனத்துப் பேதம் ஒரு காரணமென்றால், ஏழைகளின் குடியிருப்புகளை ஊடறுத்து அகன்ற வேகச் சாலைகளை வகுத்தவர்களின் அலட்சியம் அதற்குக் குறைந்த காரணமன்று.

வாழைச்சேனைத் தமிழரும் அயலூரான ஓட்டமாவடி முஸ்லிம்களும் ஒரே வீதியின் ஓரத்தில் நடப்பவர்கள். இங்கே பேதத்தை விளைவித்தவை உள்நாட்டு யுத்தமும் வறுமையுமே. ரயிலும் வாகனங்களும் ஒரே பழைய இரும்புப் பாலத்தை முறைவைத்துக் கடந்த பிரதேசத்துக்கு, யுத்தத்தின் பின் புதிய பாலமும் கார்ப்பெட் வீதியும் வந்தபோது ஜனங்கள் மகிழ்ந்தது நியாயமே. ஆனால் அந்த வீதி வேகத்தை அளித்தது வாகனம் உடையவர்களுக்கு மட்டுமே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு அதிகமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஊர்களுக்குள் நமது சட்டம் விதித்த எல்லையும் அந்த 50தான்.

ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிகளில் மாளும் இத்தீவில், இறந்தவர் நடந்தவரா, சைக்கிளில் சென்றவரா என்று பொலிஸ் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. அவர்கள் எந்தப் பிரதேசத்தார், எந்தச் சமூகத்தார், தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பிரசுரிக்க வேண்டும். அதுவரை காத்திராமல், வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் மணல் ஓரங்களைச் செப்பனிட்டு நடைபாதையும் சைக்கிள் வழியும் அமைக்கட்டும். பொலிஸார் அந்த 50ஐ நடைமுறைப்படுத்தட்டும்.