பின்னி மில் வட்டாரம் (சென்னை)

பின்னி மில் வட்டாரம் என்பது வட சென்னையில் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்த பழைய ஆலைப் பகுதியாகும். 'பி அண்ட் சி மில்' என்று மக்கள் அழைத்த பக்கிங்காம் – கர்நாடிக் நெசவாலைகள் ஏறத்தாழ 120 ஆண்டுகள் இங்கு இயங்கின. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இவ்வட்டாரத்துக்கு முதன்மையான இடம் உண்டு. 1996-இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. ஒரு தொழில் நகர்ப்பகுதி குடியிருப்பு நகர்ப்பகுதியாக மாறும்போது நிலம் யாருக்குச் செல்கிறது, வேலை செய்தவர்களுக்கு என்ன எஞ்சுகிறது என்பதை அறிய இவ்வட்டாரம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

அமைவிடம்

திருத்தணி, அரக்கோணம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதையில் நகரத்துக்குள் நுழைந்தபின் வரும் பெரிய நிலையம் பெரம்பூர். ரயில் பெட்டித் தொழிற்கூடங்கள், 1955-இல் நேரு தொடங்கிவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, நெசவாலைகள் ஆகிய அனைத்தும் இப்பகுதியைச் சுற்றியே அமைந்தன. ரயில் பாதை, கால்வாய், துறைமுகம் ஆகிய மூன்றும் அருகில் இருந்தது இதற்கு ஒரு காரணம். 'பட்டாளம்' என்ற ஊர்ப்பெயர் இங்கிருந்த படைவீட்டின் நினைவாக வந்தது. ஆங்கிலத்தில் அது 'பெரம்பூர் பாரக்ஸ்' எனப்பட்டது. ஓட்டேரி நல்லா என்னும் ஓடை இவ்வட்டாரத்தின் வழியாகச் சென்று பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது.

ஆலைகளின் தோற்றம்

பின்னி நிறுவனம் சென்னையில் வாணிபம் செய்த ஆங்கிலேய நிறுவனங்களுள் ஒன்று. அது 1876-இல் பக்கிங்காம் மில்லைத் தொடங்கியது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் ஆலைக்கு இடப்பட்டது. கால்வாய்க்கு உள்ளதும் அவர் பெயரே. அடுத்த சில ஆண்டுகளில் கர்நாடிக் மில் தொடங்கப்பட்டது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன.

இவ்வாலைகளின் காக்கித் துணி புகழ்பெற்றது. இரு உலகப் போர்களின்போதும் படைவீரர் சீருடைக்கான துணி இங்கிருந்து சென்றது. பின்னாளில் காவலர் சீருடை, பள்ளிச் சீருடை என்று பல வீடுகளில் 'பின்னி துணி' என்ற சொல் வழங்கியது. சென்னைவாசிகளுடன் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், தெலுங்கு பேசுவோரும் இங்கு வேலை செய்தனர். நிறுவனம் தொழிலாளர் குடியிருப்புகளையும் பள்ளியையும் நடத்தியது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு பற்றவைத்தார்கள்.

முதல் தொழிற்சங்கம்

நீண்ட வேலை நேரம், குறுகிய உணவு இடைவேளை, மேற்பார்வையாளர்களின் கடுமை ஆகியவை தொழிலாளர்களின் முக்கியக் குறைகளாக இருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கமாக இதனை வரலாற்றாளர் பலர் கொள்கின்றனர். பி. பி. வாடியா தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தனர். சங்கம் உருவாகச் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் பெரிதும் உழைத்தனர்.

பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. தொழிலாளரைத் தூண்டிவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வாடியா உள்ளிட்டோருக்குத் தடை விதித்தது. சங்கம் அமைப்பதற்கு அன்று சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பதை இவ்வழக்கு நாட்டுக்கு உணர்த்தியது. சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி வலியுறுத்தினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்பும்

1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கிய போராட்டம் ஜூன் மாதம் பக்கிங்காம் மில்லுக்கும் பரவி, அக்டோபர் வரை நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அன்றாடக் கூலியை நம்பிய ஏழைக் குடும்பங்கள் மாதக்கணக்கில் வேலையின்றி இருக்க இயலாது. சாதி வேற்றுமை ஏற்கெனவே இருந்ததால், சங்கம் தம்முடையது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு முழுமையாக ஏற்படவில்லை. எம். சி. ராஜா முதலிய தலைவர்கள் அவர்கள் பக்கம் நின்றனர். வேலைநிறுத்தம் செய்தோருக்கும் வேலைக்குச் சென்றோருக்கும் இடையே மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இவ்வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்லும்போது 1918-ஐ மட்டும் சொல்லி 1921-ஐ விட்டுவிடுவது முழுமையாகாது. தொழிலாளரின் ஒற்றுமை பிறந்ததும் இங்குதான். அந்த ஒற்றுமை சாதியின் முன் உடைந்ததும் இங்குதான்.

மூடல்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய கூட்டு நெசவாலைகள் நாடெங்கும் தளர்ந்தன. விசைத்தறிகள் குறைந்த செலவில் துணி நெய்தன. செயற்கை இழைத் துணிகள் சந்தையைப் பிடித்தன. பழைய எந்திரங்களை மாற்றப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. மறுபுறம் நகரம் வளர்ந்து, ஆலை நின்ற நிலத்தின் விலை ஆலையின் வருவாயை விடப் பன்மடங்கு உயர்ந்தது. 1996-இல் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது.

அதன்பின் பல ஆண்டுகள் வெறிச்சோடிய கூடங்கள் திரைப்படப் படப்பிடிப்புக்குப் பயன்பட்டன. கதாநாயகனும் வில்லனும் மோதும் 'பழைய மில்' காட்சிகள் பலவற்றில் ரசிகர்கள் பார்த்தது பின்னி மில்லின் செங்கல் சுவர்களையே.

நிலம் மாறிய விதம்

பிற்காலத்தில் ஆலை நிலம் கட்டுமான நிறுவனங்களின் கைக்கு மாறியது. குக்ஸ் சாலையை ஒட்டி 'எஸ்.பி.ஆர். சிட்டி' என்ற பெயரில் உயரமான குடியிருப்புகளும் மொத்த வணிகச் சந்தை வளாகமும் அமைக்கப்பட்டன. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிப்காட் வழித்தடம் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் வழியாகச் செல்கிறது. இதனால் நில மதிப்பு மேலும் உயரும்.

அருகிலுள்ள புளியந்தோப்பில் மாற்றம் வேறு வகையில் நடந்தது. கே. பி. பார்க் பகுதியில் இருந்த குடிசை மாற்று வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் பல மாடிக் கட்டடங்கள் கட்டப்பட்டன. குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பாமல் அதே இடத்தில் வீடு தருவது நல்ல முறை. வேலை, பள்ளி, மருத்துவமனை, உறவு எதையும் இழக்க வேண்டியதில்லை. ஆனால் 2021-இல் புதிய கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்கிறது என்ற புகார் எழுந்தது. அரசு ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆய்வு செய்தது. அதே இடத்தில் வீடு கொடுப்பது மட்டும் போதாது, அது உறுதியான வீடாகவும் இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

மும்பையுடன் ஒப்பீடு

மும்பையின் 'கிரண்காவ்' என்னும் ஆலைப் பகுதியும் இதே பாதையில் சென்றது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு பொதுவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், ஒரு பங்கு உரிமையாளருக்கும் என்று 1991-இல் விதி வகுக்கப்பட்டது. 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே பங்கீடு பொருந்தும் என்றானதால் பொதுமக்களுக்கான பங்கு வெகுவாகச் சுருங்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை ஏற்றது. பீனிக்ஸ் மில் இன்று ஆடம்பரக் கடைவளாகம். விதியின் ஓரிரு சொற்கள் மாறினாலே ஒரு நகரின் பூங்காக்களும் ஏழைகளின் வீடுகளும் எப்படிக் குறைந்துவிடும் என்பதற்கு மும்பை சான்று.

எஞ்சியிருப்பவை

ஆலையின் கூடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பட்டாளம், குக்ஸ் சாலை போன்ற பெயர்களும், முதியோர் வாயில் வழங்கும் 'மில்காரர் வீடு' போன்ற அடையாளங்களும் இன்னும் உள்ளன. 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று தமிழக அரசு கூறியது. இத்தகைய திட்டங்களில் சாலை, வடிகால், பள்ளி ஆகியவற்றுடன் தொழிலாளர் வரலாற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், புதிதாகக் குடியேறும் பிள்ளைகள் தாம் வாழும் மண்ணை அறிவார்கள்.

இன்று இந்தியாவில் எந்த ஊரிலும் ஏழு தொழிலாளர்கள் ஒன்றுகூடித் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்ற உரிமை 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அந்தச் சட்டத்தின் தேவையை நாட்டுக்கு உணர்த்தியது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் பட்ட பாடு.