மீன் தொட்டியில் வெண்புள்ளி

உங்கள் வீடு சோரியாங்குப்பத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஆறு. மழை ஓய்ந்ததும் ஆற்றோரக் குட்டையில் துண்டை விரித்து நாலைந்து கெண்டைக் குஞ்சுகளைப் பிடிக்கிறீர்கள். கடையில் வாங்கிய பொன்மீன்கள் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் அவற்றையும் விடுகிறீர்கள்.

ஒரு வாரம் போகிறது. பொன்மீன்களின் துடுப்பிலும் உடம்பிலும் ரவையைத் தூவியது போல வெண்புள்ளிகள்! மீன்கள் கூழாங்கற்களில் உடம்பைத் தேய்க்கின்றன. இரை எடுக்க மறுக்கின்றன. கடையில் மருந்து வாங்கி ஊற்றுகிறீர்கள். இரண்டு நாளில் புள்ளிகள் மறைகின்றன. மருந்தை நிறுத்துகிறீர்கள். சில நாட்களில், முன்பு ஐந்து புள்ளி இருந்த மீனில் ஐம்பது புள்ளிகள்! மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

மருந்து போலியா? இல்லை. ஒட்டுண்ணியின் வாழ்க்கையை நாம் அறியாததுதான் காரணம்.

இதன் பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். 1876-ல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சூட்டிய பெயர். ‘பல பிள்ளைகள் பெறும் மீன் பேன்’ என்று பொருள் கொள்ளலாம். உண்மையில் இது பேன் அன்று. பரமீசியத்தைப் போல உடம்பெங்கும் குற்றிழைகள் கொண்ட ஒரு செல் உயிரி.

இதன் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மீனின் மேல்தோலுக்கு அடியிலும் செவுளிலும் தங்கி, திசுக்களைத் தின்று வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். நன்கு வளர்ந்ததும் தோலைத் துளைத்து வெளியேறுகிறது. இரண்டாம் கட்டத்தில் தொட்டியின் அடியில் கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஆகிறது. மூன்றாம் கட்டத்தில் இக்குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடி நீந்துகின்றன. ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும்.

இப்போது புதிர் அவிழ்கிறதா? தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எட்டுவதில்லை. நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததால் அன்று. ஒட்டுண்ணி பிள்ளை பெறக் கீழே இறங்கியதால்தான்!

ஆகவே, மருந்தின் அளவைக் கூட்டுவதால் பயனில்லை. நாட்களைக் கூட்ட வேண்டும். தண்ணீர் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல நாட்கள் இழுக்கும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும்.

எளிய மருந்து நம் கல் உப்பு. லிட்டருக்கு 2 கிராம் போதும். 20 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு? 40 கிராம். அதை இரண்டு பங்காக்கி, தண்ணீரில் கரைத்து, இரண்டு நாட்களில் ஊற்றுங்கள். அடியில் படிந்த அழுக்கைக் குழாய் வைத்து நாள்தோறும் உறிஞ்சி எடுங்கள்; கூடுகளும் அதோடு போகும். எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீரில் மட்டும் அதே அளவில் உப்புச் சேருங்கள். ஆவியானதை ஈடுசெய்ய வெறும் தண்ணீரே போதும், உப்பு ஆவியாகாதல்லவா? காற்றுக் குழாய் இடைவிடாமல் ஓடட்டும். செடிகளுக்கும் அயிரை போன்ற சில மீன்களுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளாது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பிலும் வரிசையாக வெண்முத்துக்கள் தோன்றும். அது நோயன்று! வால், முதுகு என்று எங்கும் சிதறிக் கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கண்ணுக்கே தெரியும் வேறு இரண்டு ஒட்டுண்ணிகளும் உண்டு. இரண்டும் இறால், நண்டு இனத்தவை. தட்டையாக, வட்டமாக, கண்ணாடி போல ஒட்டியிருப்பது மீன் பேனாகிய ஆர்குலஸ். நூல் போலத் தொங்குவது லெர்னியா என்ற நங்கூரப் புழு. அதன் தலை நங்கூரம் போலச் சதைக்குள் புதைந்திருக்கும். இவற்றைச் சிறு இடுக்கியால் மெல்ல எடுக்கலாம். ஆனால் இவற்றின் முட்டைகளிலிருந்து குஞ்சுகள் தொட்டியில் வந்துகொண்டிருக்கும். எனவே சில வாரங்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லையும் வராமல் தடுக்க ஒரு வழி உண்டு. புதிய மீன் எதுவானாலும், ஆற்றுமீனோ கடைமீனோ, மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். வலை, குவளை ஆகியவற்றைப் பொதுவாகப் பயன்படுத்தாமல், பயன்படுத்தியதும் வெயிலில் நன்றாக உலர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. நோய் வந்த தொட்டியின் தண்ணீரையும் மீனையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். தென்பெண்ணைத் தண்ணீர்தான் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கும் போகிறது. இந்த ஒட்டுண்ணிகள் பொன்மீனை மட்டுமல்ல, கெண்டையையும் கட்லாவையும் பிடிக்கும். ஆற்றிலிருந்து நோய் உங்கள் தொட்டிக்கு வந்தது போலவே, உங்கள் தொட்டியிலிருந்து ஏரிக்கும் போகலாம். தண்ணீரை வெயில் காயும் மண்தரையில் ஊற்றுங்கள். அங்கே அந்தக் குஞ்சுகளுக்கு மீனும் கிடைக்காது, நீரும் கிடைக்காது.