அளவறிந்து அமைக்கும் கணினி

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், ரோச்சோர் பெருவிரைவு இரயில் நிலையத்திற்கு அருகில் சிம் லிம் சதுக்கம் அமைந்துள்ளது. கணினிகளையும் கணினிப் பாகங்களையும் விற்கும் கடைகள் அங்கு மாடிக்கு மாடி உள்ளன. பள்ளி விடுமுறை நாளொன்றில் அந்தக் கட்டடத்திற்குள் ஒரு மாணவன் நுழைகிறான். கணினி விளையாட்டுகளை விளையாடுவதற்கேற்ற கணினி ஒன்றைத் தானே அமைக்க வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. ஆண்டிறுதி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து ஈட்டிய பணமும் தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த அன்பளிப்பும் சேர்ந்து அவனிடம் 1,500 வெள்ளி இருக்கிறது.

கடைக்காரர் ஒரு விலைப்பட்டியலை நீட்டுகிறார். தாள் முழுவதும் பெயர்களும் எண்களும் நிறைந்திருக்கின்றன. எதை வாங்குவது? எதை விடுவது? தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீண்டும் 1,500 வெள்ளி சேர்க்க அவனுக்கு இன்னும் ஓராண்டு ஆகலாம்.

இந்நிலையில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பாகத்தை மட்டும் மிக உயர்ந்த தரத்தில் வாங்கிவிட்டு, எஞ்சிய பணத்தில் மற்றவற்றை அரைகுறையாக வாங்குவர். கணினி தனிப் பொருள் அன்று. பல பாகங்கள் கூடி உழைக்கும் ஒரு குழு. குழுவில் ஒருவர் மட்டும் விரைந்து ஓடினால் பயனில்லை. எல்லாரிலும் மெதுவாக நடப்பவரே குழுவின் வேகத்தை முடிவு செய்கிறார். எனவே, குறைந்த பணத்தில் நல்ல கணினி அமைப்பதன் இரகசியம் சமநிலையில்தான் இருக்கிறது.

முதலில் எழ வேண்டிய கேள்விகள்

பாகங்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்த விளையாட்டுகளை விளையாடப் போகிறோம் என்பது முதல் கேள்வி. ‘வேலரன்ட்’, ‘மைன்கிராஃப்ட்’ போன்ற விளையாட்டுகள் எளிய கணினிகளிலும் இயங்கும். பெரிய நகரங்களையும் காடுகளையும் நுணுக்கமாகக் காட்டும் புதிய விளையாட்டுகளுக்கோ கூடுதல் ஆற்றல் தேவை.

கையில் இருக்கும் பணம் எவற்றுக்கெல்லாம் என்பது இரண்டாவது கேள்வி. திரை, விசைப்பலகை, சுட்டி, ஒலிவாங்கியுடன் கூடிய காதணி ஒலிபெருக்கி, இயங்குதளம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். வீட்டில் நல்ல திரை இல்லையென்றால் அதற்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பட்டியலில் உள்ள விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்துள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். 1,500 வெள்ளிப் பொருளுக்கு அந்த வரி 135 வெள்ளி. ஒரு பாகத்தின் விலை அதில் அடங்கிவிடும்!

திரையில் படம் தோன்றும் விதம்

கணினி விளையாட்டில் திரையில் தெரிவது தொடர்ந்து ஓடும் படம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாறும் தனித்தனிப் படங்களே. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால், ஒரு படத்தை உருவாக்கக் கணினிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே கிடைக்கிறது. நொடிக்கு 144 படங்கள் என்றால் அந்த நேரம் 7 மில்லிநொடிக்கும் குறைந்துவிடுகிறது.

இவ்வேலையை இரண்டு பாகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று செயலி. சிலர் கணினிப் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்று அழைப்பதுண்டு. உண்மையில் அப்பெயர் பெட்டிக்குள் இருக்கும் இந்தச் சிறிய செயலியையே குறிக்கும். பந்து எங்கே விழும், எதிரி எப்போது திரும்புவான், கதவு திறக்குமா என்பனவற்றையெல்லாம் செயலி கணக்கிடுகிறது. மற்றொன்று கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. செயலி கணக்கிட்டுத் தந்ததை நிறமும் ஒளியும் நிழலும் சேர்த்து வரைவது அதன் வேலை.

உணவங்காடி நிலையத்தில் உள்ள ஒரு பரோட்டாக் கடையை இதற்கு ஒப்பிடலாம். ஒருவர் வாடிக்கையாளர்களிடம் கேட்டறிந்து சொல்கிறார்; மற்றொருவர் கல்லில் பரோட்டா போடுகிறார். கேட்டுச் சொல்பவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், பரோட்டா போடுபவர் மெதுவாகச் செய்தால் வரிசை நகராது. அதுபோலவே, செயலியால் நொடிக்கு 120 படங்களுக்குக் கணக்கிட முடிந்தும், வரைகலை அட்டையால் 50 படங்களைத்தான் வரைய முடியும் என்றால், திரையில் 50 படங்களே தோன்றும். செயலியின் மீதி ஆற்றல் வீணாகிறது. அதற்குக் கொடுத்த பணமும் வீணாகிறது.

திரையின் நுணுக்கமும் இங்கு முக்கியம். அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என அமைந்த சாதாரணத் திரையில் 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் திரையில் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது 8,294,400 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு படத்திலும் அத்தனை புள்ளிகளையும் வரைகலை அட்டையே நிரப்ப வேண்டும். நடுத்தர அட்டையை வாங்கிவிட்டு 4கே திரையில் இணைத்தால், பல புதிய விளையாட்டுகள் தடுமாறும். ஆகவே, திரையும் அட்டையும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிடுதல்

விளையாட்டுக் கணினியில் வரைகலை அட்டைக்கே பெரும்பங்கு கொடுப்பது வழக்கம். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ அதற்கு ஒதுக்கலாம். செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் சேர்த்து ஏறத்தாழ இன்னொரு பங்கு. நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றுக்கு எஞ்சிய பங்கு. இது கண்டிப்பான விதி அன்று. குறிப்பாக, நினைவகத்தின் விலை சில மாதங்களிலேயே வெகுவாக ஏறி இறங்கக்கூடியது. எனவே, வாங்கும் வாரத்தில் உள்ள விலையைப் பார்த்தே இறுதி முடிவுக்கு வர வேண்டும்.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு பாகங்கள் இச்சமநிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ‘ரைசன் 5 7600’ ஆறு உட்கருக்களைக் கொண்ட செயலி. என்விடியா நிறுவனத்தின் ‘ஆர்டிஎக்ஸ் 4060’ 8 ஜிகாபைட் நினைவகம் கொண்ட வரைகலை அட்டை. இரண்டுமே அவற்றின் வரிசையில் உச்சத்தில் இருந்தவை அல்ல. ஆயினும், சாதாரணத் திரையில் விளையாடுபவருக்கு இவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து உழைத்தன. பின்னர் வந்த பாகங்களை ஒப்பிடும்போதும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம்.

நினைவகத்தை வாங்கும்போது 16 ஜிகாபைட் கொண்ட ஒரே துண்டைவிட, 8 ஜிகாபைட் கொண்ட இரண்டு துண்டுகள் பெரும்பாலும் சிறந்தவை. இரண்டு துண்டுகள் இருந்தால் தரவுகள் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் செல்கின்றன. ஒற்றைவழிச் சாலையில் இன்னொரு தடம் திறந்துவிட்டது போன்றது அது. சேமிப்பகமாக ‘எஸ்எஸ்டி’ அவசியம். ஆனால், சந்தையிலேயே மிக வேகமான எஸ்எஸ்டி தேவையில்லை. அது விளையாட்டு தொடங்கும் நேரத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர, திரையில் தோன்றும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது.

பொருத்தம் பார்த்தல்

நல்ல பாகங்கள் என்பதாலேயே அவை ஒன்றோடொன்று பொருந்தும் என்று சொல்ல முடியாது. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில்தான் எல்லாப் பாகங்களும் இணைகின்றன. அதில் செயலி அமரும் இடம் ‘சாக்கெட்’ எனப்படும். ‘ரைசன் 5 7600’ செயலி ‘ஏஎம்5’ வகைச் சாக்கெட்டில் மட்டுமே அமரும். பழைய ‘ஏஎம்4’ வகையில் அமராது. ‘ஏஎம்5’ தாய்ப்பலகையில் ‘டிடிஆர்5’ நினைவகத்தை மட்டுமே செருக முடியும். ‘டிடிஆர்4’ நினைவகத்தின் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் அது உள்ளேயே நுழையாது.

பெட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். வரைகலை அட்டையின் நீளத்தையும், செயலியின்மேல் அமரும் குளிர்விப்பானின் உயரத்தையும் பெட்டி ஏற்குமா என்பது அதன் விவரத்தாளில் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எழுத்துக்கூட முக்கியமாகிவிடும். இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்னும் எழுத்தில் முடிந்தால், அதனுள் படம் வரையும் பகுதி இல்லை என்பது பொருள். வரைகலை அட்டை பழுதானால் அந்தக் கணினியின் திரையில் எதுவும் தெரியாது.

சிக்கனம் கூடாத இடம்

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கைவைப்பது மின்வழங்கியில்தான். அது விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆயினும், எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் அதன் வழியாகவே செல்கிறது. தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். மேற்கூறிய வரைகலை அட்டைக்கு 115 வாட். செயலி கடுமையாக உழைக்கும்போது ஏறத்தாழ 90 வாட். மற்றவற்றுக்கு 50 வாட் என்றால் மொத்தம் 255 வாட். ஆனால், அந்த அட்டைக்கு 550 வாட் மின்வழங்கி வேண்டும் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. மின்தேவை சில கணங்களில் திடீரென உயரக்கூடும். பிற்காலத்தில் பெரிய அட்டையைப் பொருத்த நேரலாம். கூடுதல் ஆற்றல் அதற்காகவே.

மின்வழங்கியின்மேல் ‘80 பிளஸ்’ என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பாகங்களுக்குக் கொடுக்கும் என்பதே அதன் பொருள். பாகங்களுக்கு 240 வாட் தேவைப்பட்டால் 300 வாட் செலவாகும்; மீதி 60 வாட் வெப்பமாக வெளியேறும். சிங்கப்பூர் போன்ற வெப்பநாட்டில், குளிர்சாதனம் இல்லாத அறையில் இது சிறிய செய்தி அன்று. கண்ணாடியும் வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டியைவிட, முன்புறம் வலைபோல் துளைகள் கொண்டு காற்றை நன்கு உள்ளிழுக்கும் பெட்டியே இங்கு ஏற்றது.

கடையிலும் வீட்டிலும்

பழைய பாகங்களை வாங்கிச் சேமிக்கலாமா? வரைகலை அட்டை, செயலி போன்றவற்றை இயக்கிப் பார்த்து வாங்கலாம். ஆனால், மின்வழங்கியைப் புதிதாக வாங்குவதே பாதுகாப்பு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். அப்படியில்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே, விலை குறைவு என்பதோடு பாதுகாப்பும் குறைவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புதிய பொருளின் இரசீதையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

சிம் லிம் சதுக்கத்திற்குச் சென்ற மாணவன் முதல் நாள் எதையும் வாங்கவில்லை. மூன்று கடைகளின் விலைப்பட்டியல்களை மட்டும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினான். அவற்றை ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதினான். எட்டு உட்கருச் செயலியை அடித்துவிட்டு ஆறு உட்கருச் செயலியை எழுதினான். வண்ண விளக்குகளை நீக்கினான். அப்படி மிச்சமான பணம் ஒரு நல்ல மின்வழங்கிக்குச் சென்றது. வீட்டில் அக்காளின் பழைய திரை இருந்ததால் புதிய திரை வாங்குவதைத் தள்ளிவைத்தான். அடுத்த வாரம் அதே தாளுடன் கடைக்குச் சென்றபோது, அவன் கேட்க வேண்டியவை அவனுக்குத் தெரிந்திருந்தன.

பாகங்களைப் பொருத்தி முடித்த பின்னும் ஒரு சிறு கவனம் தேவை. திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் அல்லாமல் வரைகலை அட்டையிலேயே செருக வேண்டும். இதை மறந்தால், அதிக விலை கொடுத்து வாங்கிய அட்டை சும்மா இருக்கும்!

தானே அமைத்த கணினிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதைச் சிறிது சிறிதாக மேம்படுத்தலாம். 2017இல் வெளிவந்த ‘ஏஎம்4’ தாய்ப்பலகைகள் பலவற்றில், மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022இல் வெளிவந்த செயலியைப் பொருத்த முடிந்தது. முழுக் கணினியையும் தூக்கியெறியாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் பணமும் மிஞ்சும், மின்கழிவும் குறையும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. ஆற்றைப் போலப் பணம் இல்லாதவர்களுக்கு அளந்து போடுவது இன்னும் அவசியம். எல்லாவற்றிலும் சிறந்ததை வாங்க எல்லாராலும் முடியாது. ஆனால், ஒன்றுக்கொன்று பொருந்துபவற்றைத் தேர்ந்தெடுக்கப் பொறுமையும் ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.