காசு கேட்காத ரோம்!

ஜூலை மாத மத்தியானத்தில் ரோம் நகரின் வெயில், சென்னை வெயிலுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. கொலோசியத்தைச் சுற்றிப் பார்த்துக் களைத்த சுற்றுலாப் பயணிகள், தெருவோரத்தில் யூரோக்களைக் கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் ஓர் இரும்புத் தூண். அதன் வளைந்த மூக்கிலிருந்து ஜில்லென்ற தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் வருவார். மூக்கின் நுனியை விரலால் அடைப்பார். மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். செலவு, பூஜ்யம்.

அந்தத் தூணுக்கு 'நாசோனே' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'பெரிய மூக்கு' என்று அர்த்தம். 1870-களில் நகராட்சி வைக்கத் தொடங்கியது. இன்று ரோமில் சுமார் 2,500 இருக்கின்றன. வீட்டுக் குழாயில் வரும் அதே குடிநீர்தான் இதிலும் வருகிறது.

ரோமைக் குறைந்த செலவில் பார்க்கும் சூட்சுமமும் இந்த மூக்கில்தான் இருக்கிறது. ஊர் சும்மா கொடுப்பது எது என்று தெரியாதவர்தான் அங்கே அதிகம் செலவு செய்கிறார்.

குறைக்க முடியாததும் முடிந்ததும்

சில செலவுகளில் கை வைக்க முடியாது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ. அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடும் வேண்டும். ரோமில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் நகர வரி தனி. மூன்று நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆளுக்கு 6 யூரோ. அறை வாடகையோடு சேராமல் இது தனியாக வரும் என்பதால், முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது.

மிச்சம் பிடிக்கும் வேலை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஃபியூமிச்சினோவிலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு நேராகப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் கட்டணம் 14 யூரோ. நின்று நின்று போகும் சாதாரண ரயிலில் 8 யூரோதான். அது தெர்மினிக்குப் போகாது. த்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்ஸே வழியாகப் போகும். தங்குமிடம் அந்தப் பக்கம் இருந்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு 24 யூரோ மிச்சம்.

தங்குவதற்குக் கன்னியாஸ்திரி மடங்கள் நடத்தும் விடுதிகளும் உண்டு. ஆடம்பரம் இருக்காது, சுத்தம் இருக்கும். பல மடங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

டிக்கெட் இல்லாத அருங்காட்சியகங்கள்

மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் சிலை, கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில், சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பியாட்சா நவோனா அருகே சான் லூயிஜி தேய் ஃபிராஞ்சேஸி தேவாலயத்தில், புனித மத்தேயுவின் வாழ்க்கையைக் கரவாஜியோ தீட்டிய 3 ஓவியங்கள் மாட்டியிருக்கின்றன. எந்த அருங்காட்சியகம் வைத்திருந்தாலும் பெரிய டிக்கெட் போட்டிருக்கும். இங்கே இலவசம். சாந்தா மரியா தெல் போபோலோவில் அவருடைய இன்னும் 2 ஓவியங்கள். சாந்தா மரியா தெல்லா வித்தோரியாவில் பெர்னினியின் புனித தெரேசா சிற்பம்.

வாடிகனில் புனித பேதுரு பேராலயத்துக்கும் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசைதான் நீளம். காலை 7 மணிக்கே போய்விட்டால், கூட்டம் சேர்வதற்குள் மைக்கேலாஞ்சலோவின் 'பியெத்தா' முன்னால் நின்றுவிடலாம்.

இரண்டு விஷயங்கள் முக்கியம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சின்னத் தேவாலயங்கள் பல, மத்தியானத்தில் சில மணி நேரம் கதவைச் சாத்திவிடும். காலையிலோ மாலையிலோ போவதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்துச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம். இவையும் அதில் அடக்கம். வாடிகன் அருங்காட்சியகம் இத்தாலி அரசின் கீழ் வராது. அங்கே கடைசி ஞாயிறு காலையில் இலவசம், 12.30 மணி வரைதான் உள்ளே விடுவார்கள்.

இலவச நாளில் கூட்டம் அலைமோதும். வயதானவர்களை அழைத்துப்போகும் குடும்பம் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்பதைவிட, டிக்கெட் எடுத்துவிடுவதே லாபம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்ட எவருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த நாளிலும் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

நின்றால் ஒரு விலை

காபிக் கடையில் கவுன்ட்டர் முன்னால் நின்றபடி எஸ்பிரெஸோ குடித்தால் ஒன்று, ஒன்றரை யூரோவில் முடிந்துவிடும். அதே காபியைச் சதுக்கத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் பில் பல மடங்காகும். இது ஏமாற்று வேலையல்ல. மேசைக்குத் தனி விலை என்பது ஊர் வழக்கம், விலைப்பட்டியலிலேயே இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு, தட்டில் போட்ட பீட்சாவைக் கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டுத் தரும் கடைகள் நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'மரினாரா' கேட்கலாம். தக்காளி, பூண்டு, மூலிகை மட்டும், சீஸ் கிடையாது. ரோமின் புகழ்பெற்ற 'காச்சியோ எ பெப்பே' பாஸ்தாவில் பெகோரினோ சீஸும் மிளகும்தான். ஆனால், அந்தச் சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பது மரபு. சுத்த சைவக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அந்த மிளகுக்குப் பின்னால் நம்முடைய கதையும் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் டொமிஷியன் காலத்தில், ஃபோரத்தை ஒட்டி மிளகுக்கென்றே கிடங்குகள் கட்டினார்கள். சேர நாட்டு முசிறியிலிருந்து கப்பல் ஏறிய மிளகு சேர்ந்த ஊர் இது. யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல்களும் சொல்கின்றன.

அபராதம் ஜாக்கிரதை

பஸ், டிராம், மெட்ரோவுக்குப் பொதுவான டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் ஒரு முறைதான் நுழையலாம். பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை இயந்திரத்தில் பதிய மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு. உடனே கட்டினாலே 50 யூரோவுக்கு மேல். ஸ்பானிஷ் படிக்கட்டுகளில் உட்கார 2019 முதல் தடை. மீறினால் 250 யூரோ வரை போகும். மூன்று நாள் மிச்சம் பிடித்தது மூன்று நிமிடத்தில் போய்விடும்.

மூடிக்கொள்ளும் கதவுகள்

ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழமையான பாந்தியனுக்குள், குவிமாடத்தின் உச்சியில் திறந்திருக்கும் வட்டத்தின் வழியே வெயிலும் மழையும் இறங்கும் அழகைப் பார்க்க, 2023 ஜூலை வரை காசு கேட்கவில்லை. இப்போது 5 யூரோ. வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு இலவசம். கூட்டம் பெருகப் பெருக, பராமரிப்புச் செலவும் ஏறுகிறது, இலவசம் குறைகிறது.

நாசோனேக்குக்கூட ஒரு சோதனை வந்தது. 2017 கோடையில் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த இந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். வீடில்லாதவர்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று புரிந்தது. அந்த மூக்கு சுற்றுலாப் பயணிக்காக வைத்ததல்ல. சந்தைக்காரருக்கும், விளையாடிக் களைத்த பிள்ளைக்கும், தெருவில் படுத்து எழுகிறவருக்கும் ஊர் வைத்த தண்ணீர்ப் பந்தல் அது.

ரோமில் இலவசமாகக் கிடைக்கும் எல்லாமே அப்படித்தான். ஓவியம் இருக்கும் இடம் ஒருவர் மண்டியிட்டு ஜெபிக்கும் இடமும்கூட. அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வதும், மிச்சம் பிடித்த காசில் ஒரு நாணயத்தை உண்டியலில் போடுவதும், காலி பாட்டிலை எறியாமல் அடுத்த மூக்கில் நிரப்பிக்கொள்வதும் விருந்தாளி செய்ய வேண்டிய மரியாதை. அடுத்து வரும் குடும்பத்துக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமே!