ஏலம் எடுக்கப் போறீங்களா? வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க!

மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட வாகனங்கள் பொது ஏலம் என்று மாவட்டக் காவல் துறை அறிவிப்பு வருகிறது. நீங்களும் முன்பணம் கட்டி, ஒரு பைக்கை 20,000 ரூபாய்க்கு ஏலம் கேட்டு எடுத்துட்டீங்க. கையில் இருப்பதும் அதே 20,000தான். பணம் கட்டப் போனால், "ஜி.எஸ்.டி. தனி" என்கிறார்கள்! அறிவிப்பில் 18% என்று இருந்தால் 3,600 ரூபாய் கூடுதல். மொத்தம் 23,600. கெடுவுக்குள் கட்டாவிட்டால் முன்பணமே போய்விடலாம்.

ஏலத்துக்கென்று தனி வரி கிடையாது. ஏலமும் ஒரு விற்பனைதான். எந்தப் பொருளோ, அதற்குரிய வரி. மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனையில் வரி இரண்டாகப் பிரியும். மேலே சொன்ன 3,600-ல் 1,800 மாநில ஜி.எஸ்.டி., 1,800 மத்திய ஜி.எஸ்.டி.

எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை?

• அடகு நகை ஏலம்: தங்க நகைக்கு 3% (மாநிலம் 1.5%, மத்தி 1.5%).

• காய்கறி, பழம், மீன்: பாக்கெட் போடாத புதுச்சரக்கு என்றால் ஜி.எஸ்.டி. இல்லை.

• விவசாயிகளுக்கு: சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றால், சந்தைக் கட்டணத்தைக் கட்டுவது வாங்கும் வியாபாரிதான்; நீங்க இல்லை.

• நிலம், கட்டி முடித்த வீடு: வங்கி ஏலமாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் பத்திரப்பதிவு செய்யும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. அதற்கும் பணம் எடுத்து வையுங்க. ஏலம் கேட்கும் முன் வில்லங்கச் சான்றிதழை பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் போனிலேயே பாருங்க.

கடை, தொழில் நடத்துகிறவரா?

உங்களிடம் ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, அரசுத் துறையிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ பழைய வாகனம், பறிமுதல் பொருள், பழைய இரும்பு ஆகியவற்றை ஏலம் எடுத்தால், வரியை அந்த அலுவலகத்தில் கட்டக் கூடாது. உங்கள் ரிட்டர்னில் நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. பதிவு இல்லாத பொதுமக்களிடம் மட்டும் துறையே வரியை வசூலிக்கும். ஆகவே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணை முதலிலேயே சொல்லிடுங்க. இல்லையென்றால் ஒரே வரியை இரண்டு முறை கட்டும் சிக்கல் வரும்.

கையைத் தூக்கும் முன் நாலு விஷயம்

1. நிபந்தனையில் "வரி உட்பட" என்று இருக்கிறதா, "வரி நீங்கலாக" என்று இருக்கிறதா, பாருங்க.

2. ஏலம் விடும் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் உண்மையா என்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடுங்க. லாகின் தேவையில்லை.

3. வரி தனியாகக் காட்டிய ரசீது கேட்டு வாங்குங்க. வாகனம் என்றால், கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-ல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

4. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீங்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஜி.எஸ்.டி. சந்தேகங்களுக்கு 1800-103-4786 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஏலத்துக்கு முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது!